வாகனத்தில் விட்டுவிட்டு வரும் மின்தடை: கோளாறைக் கண்டறிவது எப்படி?

வோபர்ன் பகுதியில் மார்க்கம் வீதியில் போய்க்கொண்டிருக்கும் கார் திடீரென்று அணைந்துவிடுகிறது. டாஷ்போர்டு இருண்டுவிடுகிறது. சாவியை மீண்டும் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. கராஜுக்குக் கொண்டுபோனால் 'எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது' என்பார்கள். விட்டுவிட்டு வரும் கோளாறின் தொல்லையே இதுதான். தேடும்போது அது இருப்பதில்லை. எனவே கோளாறு நிகழும் அந்தச் சில நொடிகளில் எவை வேலை செய்தன, எவை செய்யவில்லை என்று கவனிப்பதே முதல் சோதனை.

அபாய விளக்குகள் பெரும்பாலான கார்களில் சாவி இல்லாமலே எரியும். அவையும் அணைந்திருந்தால் பாட்டரி முனைகள், எர்த் கம்பி, பிரதான ஃபியூஸ் ஆகியவற்றைச் சந்தேகிக்கலாம். அவை எரிந்து, எஞ்சினும் டாஷ்போர்டும் மட்டும் போயிருந்தால் இக்னிஷன் சுவிட்ச் அல்லது அதன் ரிலேதான் முதல் சந்தேகம். விளக்குகள் மெல்ல மெல்ல மங்கிப் பிறகு எல்லாம் நின்றால் ஆல்டர்னேட்டரையும் அதன் பெல்ட்டையும் பார்க்க வேண்டும்.

அடுத்தது அளவெடுப்பது. ஓய்விலிருக்கும் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.7 வரை இருக்கும். ஆனால் இந்த அளவுகள் சரியாக இருந்தாலும் கோளாறு இல்லை என்று பொருளல்ல. டொராண்டோவின் குளிர்காலச் சாலை உப்பு எர்த் இணைப்பை அரித்து 0.02 ஓம் தடையை உண்டாக்கியது என்று வைத்துக்கொள்வோம். 1 ஆம்பியர் இழுக்கும் ரேடியோவுக்கு இழப்பு வெறும் 0.02 வோல்ட். 150 ஆம்பியர் இழுக்கும் ஸ்டார்ட்டருக்கோ 3 வோல்ட்! சாதாரண மல்டிமீட்டரின் ஓம் அளவில் இந்தத் தடை தெரியாது.

ஆகவே மின்னோட்டம் பாயும்போதே அளக்க வேண்டும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனைத் தண்டிலும் (மேலுள்ள பிடியில் அல்ல) மறுமுனையை எஞ்சின் உலோகத்திலும் வைத்துக்கொண்டு, இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் அந்தப் பாதையில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. எஞ்சின் ஓடும்போது பாட்டரியைக் கழற்றிப் பார்க்கும் பழைய முறை வேண்டவே வேண்டாம். அப்போது எழும் மின்னழுத்தம் கணினிப் பகுதிகளைக் கெடுத்துவிடும்.

இக்னிஷன் சுவிட்சைச் சோதிக்க, காரை நிறுத்தி, பார்க்கிங் பிரேக் போட்டு, எஞ்சின் ஓடும்போது சாவியை இலேசாக ஆட்டிப் பாருங்கள். இது அற்ப விஷயமல்ல. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 2014இல் ஷெவ்ரலே கோபால்ட், சாட்டர்ன் அயான், கனடாவில் விற்ற பான்டியாக் பர்சூட் முதலிய சுமார் 26 லட்சம் கார்களைத் திரும்ப அழைத்தது இதே பகுதிக்காகத்தான். சுவிட்சின் பிடிமானம் போதாததால், கனமான சாவிக்கொத்தோ சாலைக் குலுக்கலோ சாவியை நழுவ வைத்தது. எஞ்சின் நின்றது, பவர் ஸ்டீயரிங் போனது, மோதலின்போது காற்றுப்பைகளும் விரியவில்லை. நட்டஈட்டு நிதியம் ஒப்புக்கொண்ட மரணங்கள் மட்டும் 124.

நிறுவனத்துப் பொறியாளர்கள் பல ஆண்டுகள் இதை வாடிக்கையாளரின் வசதிக்குறைவு என்றே வகைப்படுத்தியிருந்தார்கள். 2006இல் சுவிட்சைத் திருத்தியபோது பாக எண்ணை மாற்றவில்லை. அதனால் பழையதும் புதியதும் ஆவணங்களில் ஒன்றாகவே தெரிந்தன. வழக்கொன்றுக்காக ஆராய்ந்த மார்க் ஹூட் என்ற பொறியாளர் இரண்டையும் பிரித்து ஒப்பிட்டபோதுதான் உள்ளிருக்கும் பாகங்கள் வேறு வேறு என்று தெரிந்தது. ஆவணத்தை நம்பாமல் பொருளைப் பார்த்ததால் கிடைத்த விடை அது.

401 நெடுஞ்சாலையில் இப்படி நேர்ந்தால் பதறாதீர்கள். சாவியை 'லாக்' நிலைக்குத் திருப்பாதீர்கள்; ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். ஸ்டீயரிங் கனமாக இருக்கும், ஆனால் திரும்பும். பிரேக்கை விட்டுவிட்டு மிதிக்காமல் ஒரே அழுத்தாக அழுத்தி, ஓரமாக நிறுத்துங்கள். பிறகு நேரம், குளிர், மழை, மேடுபள்ளம், எரிந்த விளக்குகள் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். மெக்கானிக்குக்கு அந்தக் குறிப்பு மிகவும் உதவும். பாதுகாப்புக் குறை என்று தோன்றினால் டிரான்ஸ்போர்ட் கனடாவிடம் முறையிடலாம். உங்கள் காருக்குத் திரும்ப அழைப்பு உண்டா என்பதையும் அவர்கள் தளத்தில் பார்த்துவிடுங்கள். அதுவரை சாவிக்கொத்தில் காரின் சாவி மட்டும் இருக்கட்டும்.