எச்சமும் முற்றும்: தொடரிலக்கணம் கற்பித்தலின் வரலாறு பற்றிய ஒரு குறிப்பு

சிறார்க்குத் தொடரிலக்கணம் கற்பிக்குங்கால் தனிநிலை, தொடர்நிலை, கலவை என மூவகைத் தொடர் கூறுதல் இன்றைய பள்ளி வழக்கு. ஓர் எழுவாயோ பல எழுவாயோ ஒரு பயனிலை கொண்டு முடிவது முதலாவது. ஓர் எழுவாய் பல பயனிலை கொள்வது இரண்டாவது. முதன்மைத் தொடரொடு துணைத்தொடர் கலப்பது மூன்றாவது. ஆங்கில இலக்கணப் பயிற்சியின் சாயல் படிந்த பகுப்பு இது. ஆயின், வினைகளை ஒரு தொடராகக் கோக்கும் நெறியைத் தமிழர் முன்னர் வகுத்திலர் எனக் கோடல் பொருந்தாது.

தொல்காப்பியர் எண்ணிய அளவை வேறு. பயனிலைகளின் தொகையை அவர் நோக்கவில்லை. முற்றையும் எச்சத்தையும் நோக்கினார். வினையெச்சங்கள் பல அடுக்கி வரினும் இறுதியது முடியப் பிறவும் முடியும் என வினையியலுள் விதித்தார். செய்து, செய்யூ, செய்பு என்னும் மூன்றும் தம் வினைமுதலின் வினையையே கொண்டு முடியும் என வரையறுத்து, ஏனையவற்றிற்கு அவ்வரையறையைத் தளர்த்தினார். தொடரின் அமைப்பைத் துணிவது 'செய்தவர் யார்?' என்னும் வினாவே என்பது இதனாற் புலனாம்.

இந்நெறி கல்லிலும் வாழ்ந்தது. இன்றைய அரியலூர் மாவட்டத்து மீன்சுருட்டியை அடுத்துள்ள கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியவன் 1014 முதல் 1044 வரை ஆண்ட முதலாம் இராசேந்திரன். அவன் மெய்க்கீர்த்தியில் நாடுகள் பல உம்மையால் அடுக்கப்பெற்று, 'கொண்ட' என்னும் பெயரெச்சத்தின் வழியே அரசன் பெயரைச் சென்று சேர்கின்றன. அத்துணை நெடிய தொடரும் பொருள் மயங்காது நிற்றற்கு உம்மையும் எச்சமுமே காரணம்.

பின்வந்த நன்னூல் எழுத்து, சொல் என்னும் ஈரதிகாரத்தோடு அமைந்து, தொடர்பற்றிய செய்திகள் பலவற்றைப் பொதுவியலுள் அடக்கிற்று. ஆறுமுக நாவலர் (1822-1879) தம் இலக்கணச் சுருக்கத்தில் தொடர்மொழியதிகாரத்தை மூன்றாவதாக வைத்தார். மாணவர்க்கெனத் தொடரைத் தனித்து நிறுத்திய அவ்வமைப்பு போற்றற்குரியது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். 'உழவர் வயலை உழுது, நீர் பாய்ச்சி, நாற்று நட்டனர்' என மீன்சுருட்டிச் சிறுவன் ஒருவன் எழுதுவானாயின், வினை மூன்று, முற்று ஒன்றே. பயனிலையை மட்டும் எண்ணுவோர் இதனைத் தனிநிலை என்பர், 'உழுதனர், பாய்ச்சினர், நட்டனர்' எனப் பிரித்தாலன்றித் தொடர்நிலை ஆகாது என்பர். இவ்வாறு பழகும் சிறுவன் தன் வாய்மொழியில் இயல்பாக உள்ள கோவையை ஏட்டில் இழக்கின்றான். 'பொன்னேரி நிறைந்து உழவர் நட்டனர்' என்பதில் நிறைந்தது ஏரி, நட்டவர் உழவர். இங்கு 'நிறைந்து' என்பது 'நிறைய' என்னும் பொருட்டு. சொல் திரியினும் பொருள் திரியாத இத்தகைய எச்சத்தை நன்னூலாரும் தழுவினார். இவ்விரு தொடரையும் ஒப்பிட்டு, 'செய்தவர் யார்?' என வினவும் சிறுவன் எழுவாயைத் தானே காண்பான்.

ஆதலின் மூவகைப் பகுப்பை நாம் விலக்க வேண்டுவதில்லை. முற்றும் எச்சமும் உம்மையும் முன்னர்க் கற்பிக்கப்படுதல் வேண்டும். தன் மொழியின் கோவையை முதலில் உணர்ந்த மாணவனுக்கு அப்பகுப்பும் எளிதாம் என்பது நம் துணிபு.