சாயவேரும் பழைய தாவர நூல்களும்

அரிய பழநூல்களைத் தேடித் தொகுப்போர், ஏட்டின் அழகையும் விலையையுமே பெரிதும் நோக்குவர். அந்நூல்களுள் யாவருடைய அறிவும் உழைப்பும் அடங்கியுள்ளன என்று வினவுவோர் சிலரே. நம்மனோர்க்கு அவ்வினா இன்றியமையாதது.

நம் சிந்தாதிரிப்பேட்டை, 1734-ஆம் ஆண்டில், ஆளுநர் மார்ட்டன் பிட் காலத்தே, நெசவாளரையும் நூற்போரையும் துணியில் ஓவியம் எழுதுவோரையும் குடியேற்றி அமைக்கப்பெற்றது. சின்னத்தறிப்பேட்டை என்பதே இங்ஙனம் மருவிற்றென்பர். அந்நாளில் சோழமண்டலக்கரைத் துணிகளுக்குச் செந்நிறம் ஊட்டியது சாயவேர்.

கும்பினியாரின் மருத்துவராயிருந்த வில்லியம் ராக்ஸ்பரோ இயற்றிய சோழமண்டலக்கரைத் தாவர நூல், 1795 முதல் 1820 வரை இலண்டனில் மூன்று தொகுதிகளாக, 300 படங்களுடன் வெளிவந்தது. முதற்றொகுதியிலேயே சாயவேர்ச் செடியின் படமும், அதனாற் சாயமேற்றும் முறையும் உள்ளன. அம்முறை நூலாசிரியர் கண்டதன்று. இந்நாட்டுச் சாயத்தொழிலாளர் வழிவழியாகக் கையாண்டதாகும். ஆயினும், அவர்தம் பெயரோ, படம் வரைந்த இந்நாட்டு ஓவியர் பெயரோ அந்நூலிற் காணப்படவில்லை.

பின்வந்த இராபர்ட் வைட் என்னும் மருத்துவர் இக்குறையை ஒருவாறு நீக்கினார். 1838 முதல் 1853 வரை சென்னையிலேயே கல்லச்சில் வெளியான அவரது இந்தியத் தாவரப் படநூல், ஆறு தொகுதிகளும் 2101 படங்களும் உடையது. அதன் ஓவியர் இருவர், இரங்கையா, கோவிந்து என்போர். படங்கள் பலவற்றின் அடியில் அவர்தம் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அன்றியும், 1853-இல் ஓர் ஆர்க்கிட் இனத்திற்குக் கோவிந்துவின் பெயரையே வைட் சூட்டினார். அப்பெயர் இன்று தாவர நூலார் வழக்கில் இல்லையாயினும், ஓவியர்க்கு அவர் செய்த சிறப்பு நிலைபெற்றுள்ளது.

இத்தகைய நூல்களை வாங்க விழைவோர் முதற்கண் படங்களை எண்ணுதல் வேண்டும். அவை பகுதி பகுதியாக வெளிவந்தமையின் முழுத்தொகுதி கிடைத்தல் அரிது. படங்களைக் கிழித்துத் தனித்தனியே விற்பாரும் உளர்.

எனினும், பெருநூல்களினும் அரியன நம் இல்லங்களில் உள்ளன. என் பாட்டனார் சாய அளவுகளை எழுதிவைத்த கையேடு ஒன்று, யான் சிறுவனாயிருந்த ஞான்று, பழங்காகிதத்தோடு எடைக்கு இடப்பட்டது. அதிலிருந்த முறைகளை இனி எங்கும் யான் கற்றல் இயலாது.

ஆதலின் அன்பர்காள்! இராமபாணம் அரித்த ஏடாயினும் எறியற்க. சங்கத்திற்குக் கொணர்ந்து படியெடுத்துக்கொள்க. எழுதினார் பெயரையும் ஊரையும் காலத்தையும் ஒரு தாளிற் குறித்து, அதனுடன் சேர்த்து வைக்க. நம் முன்னோர் பெயரைப் பிறர் எழுதாது விட்டனர். நாமும் எழுதாது விடுதல் தகாது.