மோர்மன் இளம் ஊழியர்: ஜொகூரில் அன்றாட வாழ்க்கை

பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை (மோர்மன் சபை) அனுப்பும் இளம் ஊழியர்கள் பெரும்பாலும் 18, 19 வயதில் வீட்டை விட்டுப் புறப்படுகிறார்கள். ஆண்கள் 24 மாதமும் பெண்கள் 18 மாதமும் பணியாற்றுவார்கள். பணியிடத்தைச் சபையே முடிவு செய்யும். மலேசியா நெடுங்காலம் சபையின் சிங்கப்பூர் மிஷனின் (ஊழியப் பகுதியின்) கீழ் இருந்தது. ஊழியர்களின் அன்றாடப் பணி கதவு தட்டிப் பிரசங்கிப்பதே என்று பலரும் நினைக்கிறார்கள். பெர்மாஸ் ஜெயா போன்ற ஜொகூர் பாரு குடியிருப்பில் அது பொருந்தாது. மலேசிய அரசமைப்பின் 11(4)ஆம் பிரிவு, முஸ்லிம்களிடையே பிற சமயப் பரப்புரையைக் கட்டுப்படுத்த மாநிலங்களுக்கு அதிகாரம் தருகிறது. ஜொகூரிலும் அத்தகைய சட்டம் உண்டு. ஆகவே யாரிடம் பேசக்கூடாது என்ற கவனமே இங்கு அன்றாடப் பணியை வடிவமைக்கிறது. சபையாரைச் சந்திப்பதும், கேட்டு வருவோருக்குப் போதிப்பதும், சேவை செய்வதும் முதன்மை பெறுகின்றன.

காலை 6.30க்கு எழுந்து வேதம் படிப்பது, உடன் பணியாற்றும் துணை ஊழியரைப் பிரியாமல் இருப்பது, காதல் உறவைத் தவிர்ப்பது: இவ்விதிகள் இளமையை நசுக்குகின்றன என்ற விமர்சனம் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. ஆண்டுக்கு இருமுறை மட்டுமே வீட்டாருடன் பேசலாம் என்ற பழைய வழக்கம் உண்மையிலேயே கடுமையானது. சபை 2017இல் கால அட்டவணையைத் தளர்த்தி, 2019இல் வாரந்தோறும் பேச அனுமதித்தது அந்த விமர்சனத்துக்கு வலுச் சேர்க்கிறது. ஆனால் துணை விதியை வெறும் கண்காணிப்பு என்று ஒதுக்குவது சரியன்று. மொழியும் சட்டமும் புதிதான ஊரில், 19 வயது இளைஞருக்கு அது பாதுகாப்பும்கூட.