ஐன்ஸ்டீனா, போரா? குவாண்டம் சண்டையைத் தீர்க்க வழி சொன்ன ஜான் பெல்.. யார் இவர்?

2022-ம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு அலைன் ஆஸ்பெக்ட், ஜான் கிளாசர், ஆன்டன் ஸெய்லிங்கர் ஆகிய 3 பேருக்குக் கிடைத்தது. 3 பேருமே ஆய்வகத்தில் சோதித்துப் பார்த்தது, ஒரே மனிதர் காகிதத்தில் போட்டு வைத்த கணக்கைத்தான். ஆனால் அவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அவர் பெயர் ஜான் ஸ்டூவர்ட் பெல்.

யார் இந்த ஜான் பெல்?

1928-ல் வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட் நகரில், வசதியில்லாத குடும்பத்தில் பிறந்தவர். பள்ளிப் படிப்பை முடித்ததும் 16 வயதிலேயே குயின்ஸ் பல்கலைக்கழக இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளராக வேலைக்குச் சேர்ந்தார். பிறகு அங்கேயே மாணவராகி பட்டம் வாங்கினார். 1960-ல் மனைவி மேரியுடன் ஜெனிவாவில் உள்ள செர்ன் ஆய்வு மையத்துக்குப் போனார். அங்கே அவருடைய வேலை துகள் இயற்பியலும் துகள் முடுக்கிகளும்தான். உலகம் அவரை நினைவில் வைத்திருக்கும் குவாண்டம் ஆய்வோ, கிடைத்த நேரத்தில் செய்தது!

அப்படி என்னதான் சண்டை?

அளந்து பார்க்கும் வரை ஒரு துகளின் சில பண்புகளுக்கு நிச்சயமான மதிப்பு கிடையாது, வாய்ப்புகள் மட்டும்தான் உண்டு என்பது நீல்ஸ் போர் தரப்பின் வாதம். ஐன்ஸ்டீனால் இதை ஏற்க முடியவில்லை.

குவாண்டம் பிணைப்பில் உள்ள 2 துகள்களை எவ்வளவு தூரம் பிரித்து வைத்தாலும், ஒன்றை அளந்தால் இன்னொன்றில் என்ன கிடைக்கும் என்பது தெரிந்துவிடும். ‘அப்படியென்றால் விடை முன்பே அந்தத் துகளுக்குள் இருந்திருக்க வேண்டும், அதைச் சொல்லாத குவாண்டம் கோட்பாடு முழுமையானது அல்ல’ என்பது 1935-ல் ஐன்ஸ்டீன், பொடோல்ஸ்கி, ரோசன் மூவரும் வைத்த வாதம். போர் மறுத்தார். கணக்கு சரியாக வருகிறதே, பிறகு எதற்கு இந்த தத்துவ விசாரம் என்று பெரும்பாலான இயற்பியலாளர்கள் ஒதுங்கிக்கொண்டார்கள்.

சாக்ஸ் சொல்லும் பாடம்

இதை விளக்க பெல் ஓர் உதாரணம் சொன்னார். அவரோடு பணியாற்றிய பெர்ட்ல்மான், இரண்டு காலிலும் வெவ்வேறு நிற சாக்ஸ் போடும் வழக்கம் உள்ளவர். ஒரு காலில் இளஞ்சிவப்பு தெரிந்தால், இன்னொரு காலில் அந்த நிறம் இருக்காது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். இதில் மர்மம் எதுவும் இல்லை. காலையிலேயே முடிவானது அது. பிணைப்பில் உள்ள துகள்களும் இந்த சாக்ஸ் மாதிரிதானா? இதுதான் கேள்வி.

பெல் போட்ட கணக்கு

1964-ல் பெல் காட்டியது இதுதான்: இது வெறும் வாக்குவாதம் இல்லை, சோதித்தே பார்க்கலாம். பின்னாளில் எளிமையாக்கப்பட்ட வடிவத்தில் பார்ப்போம்.

இரட்டையர்கள் இருவரை தனித்தனி அறையில் உட்கார வைக்கிறோம். மொத்தம் 3 கேள்விகள். ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டுமே பதில் சொல்ல வேண்டும். இருவரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டால் எப்போதும் ஒரே பதில் வருகிறது. அப்படியானால் 3 பதில்களையும் முன்கூட்டியே பேசி வைத்திருக்கிறார்கள் என்றுதானே நினைப்போம்?

பதில்கள் 3, ஆனால் வகை இரண்டே. எனவே குறைந்தது 2 பதில்கள் ஒன்றாக இருந்தே தீரும். இருவரிடமும் வெவ்வேறு கேள்விகளை மாற்றி மாற்றிக் கேட்டால், குறைந்தது 3-ல் 1 முறையாவது பதில்கள் ஒத்துப்போக வேண்டும். ஆனால் பிணைப்பில் உள்ள ஒளித்துகள்களை குறிப்பிட்ட கோணங்களில் அளந்தால், 4-ல் 1 முறைதான் ஒத்துப்போகும் என்கிறது குவாண்டம் கோட்பாடு. இரண்டில் ஒன்றுதான் சரியாக இருக்க முடியும்.

ஆய்வகம் சொன்ன தீர்ப்பு

1972-ல் கிளாசரும் ஸ்டூவர்ட் ஃப்ரீட்மேனும் பெல்லின் கணக்கை அமெரிக்காவின் பெர்க்லியில் சோதித்தார்கள். 1980-களின் தொடக்கத்தில் பிரான்ஸில் ஆஸ்பெக்ட் இன்னும் கறாராகச் சோதித்தார். மிச்சமிருந்த முக்கிய ஓட்டைகள் 2015-ல் அடைக்கப்பட்டன. முடிவு ஒன்றே: குவாண்டம் கோட்பாடு சொன்னதுதான் சரி.

அதாவது, துகள்கள் சாக்ஸ் மாதிரி இல்லை. ‘விடை முன்பே துகளுக்குள் இருக்கிறது’, ‘ஓரிடத்தில் செய்வது தொலைவில் இருப்பதை உடனே பாதிக்காது’ என்ற இரண்டையும் சேர்த்து நம்ப முடியாது. அதற்காக ஒளியைவிட வேகமாக செய்தி அனுப்பலாம் என்று அர்த்தமில்லை. அது இதிலும் முடியாது.

இந்த சோதனையைச் செய்யப்போவதாக இளம் ஆய்வாளரான ஆஸ்பெக்ட் வந்து சொன்னபோது, உங்களுக்கு நிரந்தர வேலை இருக்கிறதா என்றுதான் பெல் முதலில் கேட்டாராம். இந்த ஆராய்ச்சியில் இறங்கினால் எதிர்காலமே கேள்விக்குறியாகும் காலம் அது.

பெல் யார் பக்கம்?

ஐன்ஸ்டீனைத் தோற்கடித்தவர் என்றுதான் பெல்லைப் பலர் நினைக்கிறார்கள். ஆனால் அவர் மனசு இருந்தது ஐன்ஸ்டீன் பக்கம். நாம் பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் உலகம் இருக்கிறது, அதைப் பற்றிப் பேசுவதுதான் இயற்பியலின் வேலை என்பது அவர் எண்ணம். ஆனாலும் தனக்குப் பிடித்த விடைக்காக அவர் கணக்கை வளைக்கவில்லை.

பெரிய பெயர்களுக்காகவும் அவர் வளையவில்லை. துகளுக்குள் விடை ஒளிந்திருக்கவே முடியாது என்று 1932-ல் கணிதமேதை வான் நியூமன் தந்த நிரூபணத்தை பலரும் அப்படியே நம்பினார்கள். 1952-ல் டேவிட் போம் அத்தகைய கோட்பாட்டை எழுதியே காட்டினார். நிரூபணத்தில் எந்த அனுமானம் தவறு என்று பெல் விளக்கினார்.

‘அளவீடு’ என்ற சொல்லும் அவருக்கு உறுத்தியது. எது அளவீடு? கருவி போதுமா, மனிதர் பார்க்க வேண்டுமா? இப்படித் தெளிவில்லாத சொல்லுக்கு அடிப்படை விதிகளில் இடமில்லை என்று 1990-ல் எழுதினார். அதே ஆண்டு அக்டோபர் 1-ம் தேதி, 62 வயதில் காலமானார்.

இன்று என்ன பயன்?

1991-ல் ஆர்தர் எகெர்ட் என்ற இயற்பியலாளர், ரகசியத் தகவலை யாராவது ஒட்டுக்கேட்கிறார்களா என்று கண்டுபிடிக்க பெல்லின் கணக்கையே பயன்படுத்தலாம் எனக் காட்டினார். குவாண்டம் தகவல் பாதுகாப்பின் முக்கியமான வழிகளில் ஒன்றாக அது வளர்ந்துள்ளது. ஆனால் அளக்கும்போது உண்மையில் என்னதான் நடக்கிறது என்ற பெல்லின் கேள்விக்கு, இயற்பியலாளர்கள் எல்லோரும் ஏற்கும் பதில் இன்னும் வரவில்லை.