மயில்சாமி அண்ணாதுரை

மயில்சாமி அண்ணாதுரை (பிறப்பு: 1958), இந்தியாவின் முதல் நிலவுப் பயணத்தை வழிநடத்திய விண்வெளி அறிவியலாளர். பொள்ளாச்சி அருகே கோதவாடி சொந்த ஊர். கோவையில் பொறியியல் படித்து, 1982-ல் இஸ்ரோவில் சேர்ந்தார்.

இவர் திட்ட இயக்குநராக இருந்த சந்திரயான்-1, 2008 அக்டோபர் 22 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. அதில் 11 ஆய்வுக் கருவிகள் இருந்தன. நிலவில் நீர் மூலக்கூறுகள் இருப்பதை 2009-ல் உலகம் உறுதியாக அறிந்தது இக்கலத்தால்தான். இந்திய அறிவியலின் மிகப் பெரிய கொடைகளில் ஒன்று இது.

அடுத்த கனவு தரையிறங்குவது. லேண்டரையும் ரோவரையும் சோதிக்க நிலவு மண்ணைப் போன்ற மண் டன் கணக்கில் தேவைப்பட்டது. அமெரிக்காவிலிருந்து வரவழைத்தால் செலவு கட்டுப்படியாகாது. விடை நாமக்கல் மாவட்டத்திலேயே கிடந்தது. அங்குள்ள சித்தம்பூண்டியில் வெண்சாம்பல் நிற அனார்த்தசைட் பாறை உண்டு. நிலவின் மேட்டுநிலங்களும் பெரும்பாலும் இவ்வகைப் பாறைதான். சேலம் பெரியார் பல்கலைக்கழகப் புவியியலாளர்களும் துணை நின்றார்கள். பாறையை உடைத்து, நிலவுத் தூசி அளவுக்கு நைசாக அரைத்து, பெங்களூரு சோதனைக் கூடத்தில் பரப்பினார்கள்.

2015 முதல் 2018 வரை பெங்களூரு செயற்கைக்கோள் மையத்தின் இயக்குநராக இருந்தார் அண்ணாதுரை. 2016-ல் பத்மஸ்ரீ பெற்றார். தரையிறங்கும் கனவும் பின்னர் நனவானது: சந்திரயான்-3, 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவின் தென்துருவப் பகுதியருகே பத்திரமாக இறங்கியது. அதன் திட்ட இயக்குநர் விழுப்புரத்தைச் சேர்ந்த ப. வீரமுத்துவேல்.