செவிசாய்த்தலும் ஓர் அமானிதமே

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

மகன் யூஸுஃபைப் பிரிந்த துயரால் நபி யஃகூப் (அலை) அவர்களின் கண்கள் வெளுத்துப் போயின என்று திருமறையின் 12ஆம் அத்தியாயம் அறிவிக்கிறது. அவர்களை ஈமான் குறைந்தவர் என்று சொல்ல எவரும் துணிவோமா? ஆயினும் நம் மஹல்லாவில் ஒருவர் மனம் உடைந்தால், அச்சொல்லே முதலில் எழுகிறது.

நம் முன்னோர் அவ்வாறு கருதவில்லை. கி.பி. 934இல் மறைந்த அறிஞர் அபூ ஸைத் அல்பல்கீ, உடல்நலத்தையும் உள்ளநலத்தையும் ஒரே நூலில் இணைத்து ஆராய்ந்தார். 1284இல் கெய்ரோவில் சுல்தான் கலாவூன் நிறுவிய பீமாரிஸ்தானில் மனநோயாளிகளுக்கும் இடம் இருந்தது.

அம்மரபை நாம் எவ்வளவு மறந்தோம் என்பதை ஏர்வாடி உணர்த்தியது. 2001 ஆகஸ்ட் 6 அன்று அதிகாலையில், அங்கிருந்த தனியார் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகை தீப்பற்றியது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தோர் தப்பியோட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே முன்வந்து அதனை வழக்காக ஏற்றது. சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் முற்றாகத் தடுத்தது. உயிரை மாய்க்க முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தவரே எனக் கருதி, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளிப்பதை அரசின் கடமையாக்கியது.

துயருற்றோருக்குச் செவிகொடுக்கும் மையங்களின் வரலாறு வேறொரு திசையில் தொடங்கியது. 1953இல் லண்டனில் சாட் வாரா என்னும் பாதிரியார், உயிரை வெறுத்தோருக்காகத் தொலைபேசிச் சேவை ஒன்றைத் தொடங்கினார். அவரைக் காண வந்தோர், காத்திருந்த வேளையில் தேநீர் வழங்கிய தொண்டர்களிடமே மனம் திறந்தனர். பலருக்கு அதுவே போதுமாயிற்று. அதன்பின் அப்பணியைத் தொண்டர்களிடமே அவர் ஒப்படைத்தார். அவ்வழியில் 1986இல் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சென்னையில் 'சிநேகா'வை நிறுவினார். அங்கே பயிற்சி பெற்ற தொண்டர்கள் குறுக்கிடாமல் கேட்கின்றனர், குற்றஞ்சாட்டுவதில்லை, கேட்டதை வெளியிடுவதுமில்லை. பிறர் இரகசியத்தை அமானிதமாகக் காக்கப் பணிக்கப்பட்ட நமக்கு இது அந்நியமான பண்பா?

தற்கொலை ஹராம் என்பதில் ஐயமில்லை. ஆனால், நீரில் மூழ்குபவரிடம் முதலில் நீட்ட வேண்டியது கரமே. சட்டத்தைப் பின்னர் விளக்கலாம். என்னை நாடி வந்த சிலரை, "ஸப்ர் செய்யுங்கள்" என்ற ஒரே சொல்லுடன் நானும் அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முழுவதும் சொல்லி முடிக்க இடமளித்தேனா என்ற கேள்வி இன்றும் என்னை வருத்துகிறது. "உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று பரிவோடு நேரே கேட்பது அவ்வெண்ணத்தை விதைக்காது, அடைத்துக்கிடந்த வாயைத் திறக்கும் என்றே இத்துறையினர் கூறுகின்றனர்.

தளவாய்புரத்திலிருந்து சென்னை தொலைவுதான். ஆயினும் 2022 அக்டோபர் 10 முதல், 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் அரசின் 'டெலி மானஸ்' சேவை இரவும் பகலும் இயங்குகிறது, தமிழிலும் பேசலாம். அவ்வெண்ணை நம் பள்ளிவாசல் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம். துஆவும் செய்வோம், மருத்துவரிடமும் அழைத்துச் செல்வோம். ஒன்று மற்றொன்றுக்குத் தடையன்று.

உடைந்த உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக! அவற்றுக்குச் செவிசாய்க்கும் பொறுமையை நமக்கும் நல்குவானாக! ஆமீன்.