விழிஞ்ஞத்து அலையும் பேராசிரியர் இரவீந்திரனும்

பாலக்காட்டிலும் இடுக்கி எல்லையிலும் வாழும் நமக்கு மின்சாரம் என்றால் பள்ளிவாசல் (1940), இடுக்கி (1976) நிலையங்கள்தான் ஞாபகம் வரும். இதே கேரளத்துக் கடலலையிலும் மின்சாரம் எடுத்த வரலாறு பலருக்குத் தெரியாது.

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் எம். இரவீந்திரன் முதலானோர் 1980களில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். 1991-ல் விழிஞ்ஞம் துறைமுகத்து அலைதடுப்புச் சுவரை ஒட்டி 150 கிலோவாட் நிலையம் எழுந்தது. கடலில் இறக்கிய கான்கிரீட் அறைக்குள் அலை ஏறினால் காற்று வெளியே தள்ளப்படும். இறங்கினால் உள்ளே இழுக்கும். காற்று எப்பக்கம் போனாலும் ஒரே பக்கமாகச் சுழலும் வெல்ஸ் டர்பைன் ஜெனரேட்டரை ஓட்டும்.

இடுக்கியின் திறன் 780 மெகாவாட். இது அதில் ஐயாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. மழைக்காலத்தில் அலை உண்டு, மற்ற மாதங்களில் குறைவு. 2011-ல் நிலையத்தை மூடிவிட்டார்கள். நாற்பது வருஷம் பேரேடு எழுதின நான் முதலில் இதை நட்டக்கணக்கிலேதான் வைத்தேன்.

அது தப்பு. 1993-ல் சென்னையில் பிறந்த தேசிய கடல் தொழில்நுட்ப நிறுவனத்தை இயக்குநராக இருந்து வளர்த்தவர் அதே இரவீந்திரன். அந்நிறுவனம் விழிஞ்ஞத்து அலை மின்சாரத்தாலேயே உப்புநீரைக் குடிநீராக்கிக் காட்டிற்று. 2005-ல் வேறொரு முறையில், ஆழ்கடலின் குளிர்நீரைக் கொண்டு, கவரத்தித் தீவுக்கு நாளொன்றுக்கு ஒரு லட்சம் லிட்டர் நன்னீர் தந்தது.

அலையில் போட்ட முதல், ஆளாகவும் அறிவாகவும் திரும்பிற்று. அந்த வரவை எழுத நம் பேரேட்டில் பத்தி இல்லை, அவ்வளவுதான்.